வாரிசுக்கு வருவது எது? சூடானின் மஹ்தி குடும்பமும் கட்சி அரசியலும்



ஒரு சமயப் பெரியவரின் சொல்லால் பெயர் பெற்ற குடும்பம், மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் ஒரு கட்சியின் முகவரியாகிவிடுவதை உலகின் பல நாடுகளில் பார்க்கிறோம். முன்னவரைத் தேடி மக்கள் மறுமைக்காக வந்தார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளைத் தேடி வேட்பாளர் சீட்டுக்காக வருகிறார்கள். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: முன்னவர் மகான், பின்னவர்கள் பதவி ஆசைக்காரர்கள். இந்த விளக்கம் மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆவணங்களுக்கு முன் நிற்பதில்லை. ஒரு தலைமுறையில் ஆசைக்காரர் பிறக்கலாம். அடுத்தடுத்த தலைமுறைகளில், குணத்தால் வெவ்வேறான மனிதர்கள், நல்லவர்களும் கற்றவர்களும் உட்பட, ஒரே திசையில் நகர்ந்திருக்கிறார்கள் என்றால் காரணத்தைத் தனிமனிதர் மனத்தில் தேடிப் பயனில்லை. இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான்: சமயக் குடும்பத்தின் வாரிசு பெறுவது செய்தியை அன்று, அந்தச் செய்தியைக் கேட்டுக் கூடிய மக்களை. செய்தியைப் பெற ஒவ்வொருவரும் தாமே உழைக்க வேண்டும்; கூட்டமோ பிறப்பால் வந்துவிடுகிறது. பிறப்பால் வந்த கூட்டத்தைக் காப்பதே கடமை என்று ஆகும்போது, எந்தக் காலத்தில் எந்த வழி கூட்டத்தைக் காக்குமோ அந்த வழியில் குடும்பம் போகிறது. தேர்தல் வந்த காலத்தில் அந்த வழி கட்சியாக இருந்தது.

இதை நிறுவ நான் எடுத்துக்கொள்வது சூடான் நாட்டு மஹ்தி குடும்பத்தின் வரலாறு. 1881 தொடங்கி இன்றுவரை ஐந்து தலைமுறைகள் பொதுவாழ்வில் தொடர்ந்து இருந்த குடும்பம் அது. நமக்கு அது முற்றிலும் அந்நியமான கதையும் இல்லை. 1885-இல் செங்கடல் துறைமுகமான சுவாகினில் மஹ்தியின் தளபதி உஸ்மான் திக்னாவின் வீரர்களை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவும் இருந்தது. 1953-இல் சூடானின் முதல் பொதுத் தேர்தலை நடத்திக்கொடுத்த ஆணையத்தின் தலைவர், இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்.

முதலில் செய்தி என்னவாக இருந்தது என்று பார்ப்போம். பின்னாளில் மஹ்தி எனப்பட்ட முகம்மது அகமது 1844-இல் நைல் நதியின் டொங்கோலா பகுதியில், படகு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். சம்மானிய்யா என்ற சூஃபி தரீக்காவில் முரீதாக, அதாவது சீடராகச் சேர்ந்து, கடுமையான நோன்பாலும் வணக்கத்தாலும் பெயர் பெற்றார். அவர் தம் ஷெய்குவோடு முறித்துக்கொண்டதற்கு மரபு சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: ஷெய்கு தம் பிள்ளைகளின் சுன்னத் விழாவில் ஆடல்பாடலை அனுமதித்தார், சீடர் அதைக் கண்டித்தார். ஒரு சமயக் குடும்பத்தின் ஆடம்பரத்தை எதிர்த்த குரலாகவே அவருடைய பொதுவாழ்வு தொடங்குகிறது. 1881 ஜூன் 29 அன்று, வெள்ளை நைல் நதியின் அபா தீவிலிருந்து, இறுதிக் காலத்தில் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட மஹ்தி தாமே என்று அறிவித்தார். 1821 முதல் நாட்டை ஆண்ட துருக்கிய-எகிப்திய ஆட்சியின் வரிக்கொடுமையில் நொந்திருந்த மக்கள் அவர் பின்னால் திரண்டார்கள். அவர் கேட்டது பெரிய துறவு. திருமணச் செலவைக் குறைக்கச் சொன்னார். புகையிலை, தாயத்து, ஒப்பாரி அனைத்தையும் தடுத்தார். தரீக்காக்களையும் சட்டப் பள்ளிகளையும் செல்லாதவை ஆக்கினார். குர்ஆனும் நபிவழியும் தாம் தொகுத்த ராத்திபு என்ற ஓதல் நூலும் போதும் என்றார். அவரைப் பின்பற்றிய அன்சார்களின் உடை, ஒட்டுப்போட்ட பருத்தி ஜிப்பா. ஏழைத் துறவி கிழிசலை மறைக்கப் போடும் ஒட்டு, எல்லோரும் சமம் என்பதன் அடையாளமாயிற்று. அதே ஜிப்பா சில ஆண்டுகளில் நேர்த்தியாக அளவெடுத்து வெட்டிய வண்ணத் துண்டுகள் தைத்த படைச்சீருடையாக மாறியது. அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கும் அந்த ஜிப்பாக்களில் கிழிசலே இல்லாத துணியின் மேல் ஒட்டுகள் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். துறவின் அடையாளம் அணியின் அடையாளமாக மாறுவதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று ஒன்று உண்டு. மஹ்தி தம் இயக்கத்தைக் குடும்பச் சொத்தாக விட்டுச்செல்லவில்லை. நபியின் முதல் நான்கு கலீஃபாக்களை ஒத்த பதவிகளை அவர் வகுத்தபோது, முதலிடத்தை உறவினருக்குத் தரவில்லை. மேற்குச் சூடானின் மாடு மேய்க்கும் தஆயிஷா குலத்தைச் சேர்ந்த அப்துல்லாஹிக்குத் தந்தார். 1885 ஜனவரி 26-இல் கார்ட்டூம் வீழ்ந்து, அந்நகரைக் காத்த ஆங்கிலேயத் தளபதி கார்டன் கொல்லப்பட்டு, ஐந்து மாதங்களுக்குள் மஹ்தி இறந்தபோது ஆட்சிக்கு வந்தவரும் அப்துல்லாஹிதான். இறப்பதற்குச் சிறிது காலம் முன், அஷ்ராஃப் எனப்பட்ட தம் சொந்த உறவினர்களின் பேராசையை மஹ்தி மக்கள் முன்னிலையில் கண்டித்து, அவர்களோடு தமக்குத் தொடர்பில்லை என்று விலக்கியும் பேசினார். அவருக்குப் பின் அதே உறவினர்கள் 1891-இல் கலீஃபாவுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், தோற்றார்கள். ஆக, இரத்தவழி உரிமை இந்தச் செய்திக்குள்ளிருந்து முளைத்தது என்று சொல்ல வழியில்லை. நிறுவியவரே அதை மறுத்திருக்கிறார்.

பிறகு இரத்தம் எப்படிப் புனிதமாயிற்று? அதில் பெரும்பங்கு வென்றவர்களுடையது. 1898 செப்டம்பர் 2 அன்று ஒம்துர்மானில் ஆங்கிலேயத் தளபதி கிச்சனரின் படை, இயந்திரத் துப்பாக்கிகளைக் கொண்டு ஒரு பகலுக்குள் ஏறத்தாழ 11,000 பேரைக் கொன்றது. மஹ்தியின் அடக்கத்தலம் தகர்க்கப்பட்டு, உடல் தோண்டி எடுக்கப்பட்டு, எலும்புகள் நைலில் வீசப்பட்டன. அடுத்த ஆண்டு ஷுக்காபா என்ற ஊரில் மஹ்தியின் இரண்டு மகன்களும் உறவினரான கலீஃபா முகம்மது ஷரீஃபும் கொல்லப்பட்டார்கள். அங்கே காயத்தோடு தப்பிய சிறுவன், தந்தை இறந்த பிறகு பிறந்த அப்துர் ரஹ்மான். ராத்திபு ஓதுவது தடைசெய்யப்பட்டது. இயக்கத்தின் நிறுவனங்கள், கருவூலம், படை, கலீஃபாக்கள், நூல் எல்லாம் அழிந்த நிலையில், மக்கள் பற்றிக்கொள்ள எஞ்சியது ஒரு சிறுவனின் பிறப்பு மட்டுமே. இவன் மஹ்தியின் மகன் என்பதற்காகவே ஆங்கிலேயர் அவனைக் கண்காணித்தார்கள். அந்தக் கண்காணிப்பே அவன் யார் என்பதை நாடு முழுவதும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. செய்தியைப் பேச முடியாத காலத்தில், பேசாமலேயே மதிக்கத்தக்க ஒன்றாக வம்சம் நின்றது. அன்சார்கள் மஹ்தியிடம் செய்த பைஅத், அதாவது உயிரையும் உடைமையையும் ஒப்படைக்கும் உறுதிமொழி, ஒரு கொள்கையின் பெயரால் செய்யப்பட்டது. இப்போது அது ஒரு குடும்பத்தின் மீதான விசுவாசமாக இடம் மாறியது. இது முதல் மாற்றம்.

இரண்டாவது மாற்றம் நிலத்தில் நிகழ்ந்தது. 1908 வாக்கில் அபா தீவில் பயிரிட அப்துர் ரஹ்மானுக்கு அனுமதி கிடைத்தது. 1914-இல் உதுமானிய சுல்தான் பிரிட்டனுக்கு எதிராக ஜிகாத் அறிவித்தபோது, துருக்கியரை எதிர்த்த மஹ்தியின் மகன் ஆங்கிலேயருக்குத் திடீரெனப் பயனுள்ளவரானார். அவரை வெள்ளை நைல் பகுதிக்கு அனுப்பி, அன்சார்களை அமைதிப்படுத்தச் சொன்னார்கள். அந்தப் பயணம், கலைந்து கிடந்த கூட்டத்தை அவருக்கே திரும்பக் காட்டியது. ஊர்தோறும் முகவர்களை நியமித்தார். ஜகாத் அவர் வழியே சேர்ந்தது. மேற்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அபா தீவுக்குப் புலம்பெயர்ந்து, உணவுக்கும் உடைக்கும் பரக்கத்துக்கும் அவருடைய பருத்தி வயல்களில் உழைத்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் ரமலான் மாதத்தில் தீவில் திரண்ட கூட்டத்தைக் கண்டு, இவரை நபி ஈசாவின் வருகையாகச் சிலர் நம்புகிறார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அவர் அந்த நம்பிக்கையை ஊக்குவிக்கவில்லை. கூட்டத்தைக் கலைக்கவும் இல்லை. 1919-இல் லண்டன் சென்ற தூதுக்குழுவில் அவர் தம் தந்தையின் வாளை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக நீட்டினார். மன்னர் அதைப் பெற்று, பேரரசின் காவலுக்காக வைத்துக்கொள்ளுமாறு அவரிடமே திருப்பித் தந்தார். தந்தையின் படை எந்தப் பேரரசின் வீரர்களோடு போரிட்டதோ அந்தப் பேரரசின் அனுமதியோடு மகன் அந்த வாளை வைத்திருந்தார். 1926-இல் அவர் சர் பட்டம் பெற்றார். இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன்மார் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கண்ட சிறுவன், வளர்ந்து, ஒரு தோற்றுப்போன சமூகத்தைப் பட்டினியிலிருந்தும் அவமானத்திலிருந்தும் மீட்டார். 1947-இல் இடிந்த அடக்கத்தலத்தைத் திரும்பக் கட்டியவரும் அவரே. ஆனால் அந்த மீட்பின் வழியில் பைஅத் உழைப்பாகவும், உழைப்பு செல்வமாகவும், செல்வம் நாளிதழாகவும் செல்வாக்காகவும் மாறியது. மூன்றாவது மாற்றத்துக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தன.

அந்த மூன்றாவது மாற்றம் 1945-இல் வந்தது. எகிப்தோடு இணைவதை ஆதரித்தவர்களுக்கு எதிராக, ‘சூடான் சூடானியருக்கே’ என்ற முழக்கத்தோடு உம்மா கட்சி பிறந்தது. அப்துர் ரஹ்மான் புரவலர். மகன் சித்தீக் தலைவர். எதிர்முகாமுக்குக் கத்மிய்யா தரீக்காவின் அலி அல்-மிர்கனி நிழல் தந்தார். பிரிவுகளும் கட்சிகளும் வேண்டாம், மார்க்கம் இஸ்லாம், தாயகம் சூடான் என்று அப்துர் ரஹ்மான் முழங்கியதுண்டு. அவருடைய குடும்பத்தின் பலமோ ஒரு பிரிவும் ஒரு கட்சியும்தான். 1953 தேர்தலில், 97 இடங்கள் கொண்ட அவையில், எதிர்முகாமின் தேசிய ஒன்றியக் கட்சி 51 இடங்களையும் உம்மா 22 இடங்களையும் பெற்றன. தோல்விக்குப் பின் நடந்ததுதான் உண்மையைக் காட்டுகிறது. 1954 மார்ச் 1 அன்று நாடாளுமன்றத் தொடக்கவிழாவுக்கு எகிப்தின் தலைவர் நகீப் வந்தபோது, கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட அன்சார் திரள் கார்ட்டூம் தெருக்களில் இறங்கியது. கலவரத்தில் ஆங்கிலேயக் காவல் அதிகாரி உட்படப் பலர் உயிரிழந்தார்கள். வாக்குப்பெட்டியில் கிடைக்காத எண்ணிக்கையைத் தெருவில் காட்ட முடிந்தது. ஒரு சாதாரணக் கட்சிக்கு இத்தகைய இருப்பு கிடையாது. எதிர்முகாமும் அதே கணக்கைத்தான் கற்றது. 1956-இல் விடுதலை கிடைத்த ஆறே மாதங்களில், பல்லாண்டு பகைவர்களான அப்துர் ரஹ்மான், அலி அல்-மிர்கனி என்ற இரண்டு சையிதுகளின் ஆதரவாளர்களும் கைகோத்துப் பிரதமர் அஸ்ஹரியை வீழ்த்தினார்கள். 1958 நவம்பர் 17 அன்று, பெரும்பான்மை ஆட்டம் காணும் நிலையில், உம்மா பிரதமர் அப்துல்லா கலீலின் இசைவோடு தளபதி அப்பூத் ஆட்சியைப் பிடித்தார் என்பதே பரவலான கருத்து. இரண்டு சையிதுகளும் அதற்கு ஆசி வழங்கினார்கள். சமயத்தின் மொழி இந்த முடிவுகள் எதிலும் காரணமாக இல்லை. முடிவுகளுக்குப் பின் வழங்கப்பட்ட ஆசியாக மட்டும் இருந்தது.

1959-இல் அப்துர் ரஹ்மானும் 1961-இல் சித்தீக்கும் மறைந்தார்கள். சித்தீக், தந்தை ஆசி தந்த ராணுவ ஆட்சியைத் துணிவோடு எதிர்த்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் தலைமை இரண்டாகப் பிரிந்தது: தம்பி ஹாதி இமாம் ஆனார், மகன் சாதிக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர், 1964-இல் கட்சித் தலைவர் ஆனார். கட்சி யாருடைய சொல்லைக் கேட்பது, இமாமுடையதையா தலைவருடையதையா? இமாம் சமயப் பணியோடு நிற்க வேண்டும், கட்சியை உறுப்பினர்கள் நடத்த வேண்டும் என்பது சாதிக்கின் வாதம். அது நல்ல வாதம். அதை அவர் கொள்கையாகவே நம்பினார் என்றும் கருதலாம். ஆனால் 30 வயது நிறைந்தவுடன் அவருக்காக ஓர் உறுப்பினர் இடத்தைக் காலிசெய்து கொடுத்ததும், 1966 ஜூலையில் அவர் பிரதமர் ஆனதும் எந்த உரிமையால்? அடுத்த ஆண்டு மே மாதம் இமாமின் அணி அவரை வீழ்த்தியது. 1968 தேர்தலில் பிளவுபட்ட கட்சியின் இரு அணிகளும் மோதி, சாதிக் தம் தொகுதியிலேயே தோற்றார். இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1965-இல், ஒரு மாணவர் கூட்டத்தில் நபியின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதாகக் கூறப்பட்ட ஒரு சொல்லைக் காரணம் காட்டி, உம்மாவும் அதன் கூட்டாளிகளும் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்து, அதன் உறுப்பினர்களை அவையிலிருந்து வெளியேற்றினார்கள். தடை அரசியலமைப்புக்கு முரண் என்று 1966 இறுதியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சாதிக்கின் அரசு அதை ஏற்று நடக்கவில்லை. மக்களின் பக்தி, எதிர்க்கட்சியை அகற்றும் கருவியாயிற்று. 1969 மே மாதம் ராணுவ அதிகாரி நிமேரி ஆட்சியைப் பிடித்தார். 1970 மார்ச்சில் அபா தீவு விமானங்களால் தாக்கப்பட்டு, பெருந்திரளான அன்சார்கள் மாண்டார்கள். தப்பிச்சென்ற இமாம் ஹாதி எத்தியோப்பிய எல்லையருகே கொல்லப்பட்டார். குடும்பத்தின் அரசியலுக்கு உயிரால் விலை கொடுத்தவர்கள் தீவின் உழவர்கள்.

என் வாதத்தின் மையச் சான்று 1986 முதல் 1989 வரையிலான மூன்று ஆண்டுகள். நிமேரி 1983 செப்டம்பரில் கொண்டுவந்த ஷரியத் சட்டங்களைச் சாதிக் அப்போதே எதிர்த்து, சிறை சென்றார். பசியும் அநீதியும் நிறைந்த நாட்டில் திருடனின் கையை வெட்டுவது இஸ்லாம் ஆகாது என்பது அவர் நிலை. அதில் கல்வியும் அறமும் இருந்தன. நிமேரி வீழ்ந்த பின் நடந்த 1986 தேர்தலில் உம்மா ஏறத்தாழ 100 இடங்களோடு முதலிடம் பெற்று, அவர் மீண்டும் பிரதமர் ஆனார். சட்டங்களை நீக்குவதாக வாக்களித்திருந்தார், நீக்கவில்லை. ஏன்? 51 இடங்களோடு எதிரே இருந்த இஸ்லாமிய முன்னணியின் தலைவர் ஹசன் துராபி, சாதிக்கின் சகோதரியை மணந்தவர். மஹ்தியின் கொள்ளுப்பேரன் ஷரியத்தை நீக்கினார் என்ற ஒரு வாசகம் போதும், அன்சார் வாக்குகள் சிதற. 1988 மே மாதம் துராபியையே அரசில் சேர்த்து, புதிய சட்டத்தொகுப்பு எழுதும் பொறுப்பைத் தந்தார். அந்த நவம்பரில் மிர்கனி குடும்பத்தின் முகம்மது உஸ்மான், தெற்கின் போராளித் தலைவர் ஜான் கராங்கோடு அடிஸ் அபாபாவில் சமாதான உடன்பாடு கண்டார். சட்டங்களை நிறுத்திவைப்பது அதன் நிபந்தனை. போட்டிக் குடும்பம் கொண்டுவந்த சமாதானத்தை ஏற்பதில் சாதிக் தயங்கினார். மிர்கனியின் கட்சி அரசைவிட்டு வெளியேறியது. ராணுவத்தின் நெருக்குதலுக்குப் பிறகு, 1989 மார்ச்சில் அமைந்த புதிய அரசு உடன்பாட்டை ஏற்றது. சட்டங்களை நிறுத்திவைக்கும் முடிவு கைக்கெட்டும் வேளையில், ஜூன் 30 அன்று ராணுவ அதிகாரி பஷீரும் துராபியின் ஆட்களும் ஆட்சியைப் பிடித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கட்சியின் பழைய ஆதரவுக்களமான மேற்கில், மேய்ச்சல் குலங்களின் குழுக்களுக்கு அரசு ஆயுதம் கொடுத்துத் தெற்கின் மீது ஏவியது. 1987-இல் எல் தாயின் நகரில் தெற்கைச் சேர்ந்த தின்கா மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை கார்ட்டூம் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருவர் துணிந்து ஆவணப்படுத்தினார்கள். தாம் தவறென்று அறிந்த சட்டத்தை நீக்கும் அதிகாரம் கையில் இருந்தும், ஒரு கற்றறிந்த சமயத் தலைவரால் நீக்க முடியவில்லை. அவர் கையைக் கட்டியது அவருடைய நம்பிக்கை இல்லை. அவர் பெற்ற வாரிசுச் சொத்து.

பிற்காலம் இந்தப் பாதையை நிறைவு செய்கிறது. 2002-இல் அன்சார் மாநாடு சாதிக்கை இமாமாகத் தேர்ந்தெடுத்தது. இமாமும் கட்சித் தலைவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று இளமையில் சித்தப்பாவோடு போராடியவர், முதுமையில் இரண்டு பொறுப்புகளையும் தாமே ஏற்றார். 2011-இல் அவருடைய மகன், தந்தையை வீழ்த்திய பஷீரின் உதவியாளராகப் பதவி ஏற்றார். 2020 நவம்பரில் கோவிட் நோயால் சாதிக் இறந்தார். மகள் மரியம் 2021-இல் வெளியுறவு அமைச்சரானார். ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் இடையே 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் கட்சியையும் பிளந்தது. இன்று இரு ஆயுத முகாம்களுக்கும் நடுவே உம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசுவோர் பல திசைகளில் நிற்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதல் மறுப்பு: மஹ்தியே வாளெடுத்து அரசு அமைத்தவர், செய்தி தொடக்கத்திலேயே அரசியல்தான், இதில் விலகல் எங்கே? மஹ்தி அரசியல்வாதி என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. அவருடைய ஆட்சி கனிவானதும் இல்லை. ஆனால் அவருடைய அரசியல் எல்லோரையும் நோக்கிய ஒரு கோரிக்கை. மாறுங்கள், துறவு கொள்ளுங்கள், சமமாகுங்கள் என்று அது கேட்டது. அதனால்தான் தரீக்காக்கள் என்ற பிரிவுகளையே ஒழித்தது. கட்சி அரசியல், இருக்கும் பிரிவுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் எண்ணிக்கையைப் பேரத்துக்குப் பயன்படுத்துகிறது. பின்பற்றுவோரை மாறச் சொல்வதில்லை, மாறாமல் இருக்கச் சொல்கிறது. செய்தி கேட்பவனிடம் எதிர்பார்த்த கடும் உழைப்பு போய், அவன் பிறந்த இடமே போதும் என்ற நிலை வந்தது. நான் விலகல் என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாவது மறுப்பு: எல்லாம் காலனி ஆட்சியின் வேலை, குடும்பத்தைக் குற்றம் சொல்வது நியாயமா? ஆங்கிலேயரின் பங்கை நானே விரிவாகச் சொன்னேன். வம்சத்தைப் புனிதமாக்கியதிலும், நிலமும் பட்டமும் தந்து வளர்த்ததிலும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் 1956-க்குப் பிறகு அந்த விளக்கம் குறைந்துகொண்டே போகிறது. 1958-இல் தளபதிக்கு ஆசி தந்ததும், 1966-இல் தீர்ப்பை மதிக்காததும், 1988-இல் சமாதானத்தைத் தாமதித்ததும் சுதந்திர நாட்டின் முடிவுகள். காலனி ஆட்சி கட்டமைப்பைத் தந்தது. அதைக் கலைக்கும் வாய்ப்பு மூன்று தலைமுறைகளின் கையில் இருந்தது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. சமயக் குடும்பம் கட்சியை நடத்தியதால் நாட்டுக்கு நன்மையே கிடைத்தது என்பது அது. எகிப்தோடு இணையாமல் விடுதலை பெற்றதில் அப்துர் ரஹ்மானின் பங்கு மறுக்க முடியாதது. சித்தீக்கும் சாதிக்கும் ராணுவ ஆட்சிகளை எதிர்த்தார்கள். சாதிக் மொத்தம் பல ஆண்டுகள் சிறையிலும் வெளிநாட்டிலும் கழித்தார். வன்முறைவழி இஸ்லாமியத்துக்கு மாற்றாக நாடாளுமன்ற வழியை இறுதிவரை பேசினார். துராபியோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவோ மேல். இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த மறுப்பு என் கருத்தைக் குலைப்பதைவிட வலுப்படுத்துகிறது. குடும்பத்தில் நல்லவர்கள் இல்லாதிருந்தால், தோல்வியைக் குணத்தின் மேல் போட்டுவிடலாம். நல்ல நோக்கமும் உயர்ந்த கல்வியும் கொண்ட ஒருவர் மக்களின் வாக்கோடு இருமுறை ஆட்சிக்கு வந்தும், தம் கொள்கையைச் செயலாக்கத் தேவையான தருணத்தில் வாரிசுரிமையின் கணக்கே முடிவெடுத்தது என்றால், அந்த அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. மேலும், அவருடைய மிதவாதம் சமயச் செய்தியாக அன்சார் கிராமங்களுக்குச் சென்று சேர்ந்திருந்தால், ஒரு சட்டத்தை நீக்குவது வாக்கை இழக்கும் செயலாக இருந்திருக்காது. மக்களுக்கு அவர் கற்பித்தது குறைவு; அவர்களை எண்ணியது அதிகம்.

அப்படியானால் இது தப்பிக்க முடியாத விதியா? இல்லை என்பதற்கு இந்தோனேசியா ஒரு சான்று. ஹாஷிம் அஷ்அரி 1926-இல் நிறுவிய நஹ்தத்துல் உலமா, 1952 முதல் கட்சி அரசியலில் இயங்கி, 1984-இல் சித்துபோண்டோ மாநாட்டில் அதைவிட்டு விலகி, பள்ளி, உறைவிட மதரஸா, சமூகப் பணி என்ற தொடக்க நோக்கத்துக்குத் திரும்பியது. அந்த விலகலை முன்னின்று நடத்தியவர் நிறுவனரின் பேரன் அப்துர் ரஹ்மான் வாஹித். அவரே 1998-இல் கட்சி தொடங்கி, அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரும் ஆனார். இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு அதுவும் சான்று. ஆனாலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஒரு பெரும் சமய இயக்கம் கட்சியிலிருந்து விலகி நின்றது நடக்கக்கூடியதே என்று உறுதியாயிற்று. அங்கே நிறுவனரின் குடும்பத்துக்கு மேலே, வாக்கெடுத்து முடிவு செய்யும் மாநாடு ஒன்று நெடுங்காலமாக இருந்தது. அன்சார்களிடம் குடும்பத்தைக் கேள்வி கேட்கும் அமைப்பு அப்படி வேரூன்றவில்லை. 2002 மாநாடுகூடக் குடும்பத்தின் தலைவரை இமாமாக்கும் பணியைத்தான் செய்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? சமயத்தவர் அரசியல் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வரிக்கொடுமையையும் பசியையும் கண்டு வாய்மூடி இருக்கும் சமயம் யாருக்கும் பயன்படாது. மஹ்தியின் குரல் எழுந்ததற்கு அந்தப் பசியே காரணம். ஆனால் அந்தக் குரலுக்கு வலிமை இருந்தது, அது யாருடைய வாக்கையும் கணக்கிடாமல் பேசியதால். ஒரு சமயக் குடும்பத்தின் பேச்சை எடைபோட நம்மிடம் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. அது தன் பின்பற்றுவோரிடமே கடினமான ஒன்றைக் கேட்கிறதா, அல்லது எதிரியிடம் மட்டும் கேட்கிறதா? தான் உண்மை என்று அறிந்ததைத் தன் ஆதரவு குறையும் என்று தெரிந்தும் சொல்கிறதா? அதன் தலைமையை மாற்றவும் மறுக்கவும் பின்பற்றுவோருக்கு உரிமை உண்டா? சாதிக் அல்-மஹ்தி போன்ற நேர்மையாளரே இரண்டாவது அளவுகோலில் தடுமாறினார் என்பதை மறக்காமல் இருப்போம். முன்னோரின் பெயரால் திரளும் மக்களைப் பெற்றவருக்கு அவர்களைக் காக்கும் பொறுப்பைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு: முன்னோர் எதைச் சொல்லி அவர்களைக் கூட்டினாரோ அதைத் தாமும் சொல்லி, அது பிடிக்காமல் போகிறவர்களைப் போகவிடுவது. கூட்டத்தை இழக்கத் துணியாத வாரிசால் செய்தியைக் காக்க முடியாது. சூடானின் ஐந்து தலைமுறைகள் நமக்குக் கற்பிப்பது இதையே.